காளானிலிருந்து நிறம் எடுப்பது எப்படி? மலையக வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதுளைப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் சிப்பிக் காளான் வளர்க்கிறோம். வெள்ளை ஒய்ஸ்டர் பைகளுக்கு நடுவே ஒரு வரிசை பிங்க் ஒய்ஸ்டர் இருக்கும். மொட்டுவிட்ட மறுநாள் அதைப் பார்க்க வேண்டும், அப்படியொரு ரோஜா நிறம். அந்த நிறத்தைப் போத்தலில் பிடித்து வைக்கலாம் என்று நினைத்து, முதல் தடவை அரைக் கிலோவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். பீட்ரூட்டுக்கு அப்படித்தானே செய்வோம். பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்தால், பானையில் வெளிறிய காளானும் வைக்கோல் நிறத் தண்ணீரும்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற மகள், "அம்மா, கலர் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததும், அதற்குப் பிறகு செய்து பார்த்ததும்தான் இந்த வழிகாட்டி. எனக்குப் புரிந்த முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காளான் நிறம் என்று பொதுவாக ஒன்று இல்லை. ஒரு காளானின் நிறம் புரதம், இன்னொன்றுடையது கரட்டில் இருக்கும் கரோட்டினாய்டு வகை, வேறொன்றுடையது நம் தலைமுடியில் இருக்கும் மெலனின் வகை. ஒன்று கரையும் திரவத்தில் மற்றது அசையாது. எதில் கரைகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

எந்தக் காளானை எடுப்பது

வளர்த்தது அல்லது கடையில் வாங்கியது, இந்த இரண்டு மட்டும்தான். காட்டிலும் தேயிலை மலையிலும் பொறுக்கியதை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். நிறம் எடுப்பது என்றாலே காளானில் உள்ளதைச் செறிவாக்குவதுதான். நல்லது செறிவாவது போல நஞ்சும் செறிவாகும். தேயிலைக்கு அடிக்கிற களைநாசினியும் பூச்சிமருந்தும் விழும் மண்ணில்தான் அந்தக் காளான் முளைக்கிறது. மண்ணில் உள்ள பார உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமும் காளானுக்கு உண்டு.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், சேர்த்து வேகவைத்த அரிசி நிறம் மாறினால் விஷம் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், அந்தச் சோதனைகளை நம்ப முடியாது. கொல்லக்கூடிய அமடாக்சின் நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது, வேகவைத்தாலும் அழியாது. வெப்பமண்டலம் எங்கும் புல்வெளிகளில் குடை விரித்து நிற்கும் குளோரோஃபில்லம் என்ற காளான் பார்க்க அசல் சாப்பாட்டுக் காளான் மாதிரியே இருக்கும். சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

இங்கே மூன்று காளான்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது பிங்க் ஒய்ஸ்டர், அறிவியல் பெயர் ப்ளூரோட்டஸ் ஜாமோர். இது சூடு விரும்பி. நுவரெலியாக் குளிரில் சுணங்கும், பதுளை உயரத்தில் நன்றாக வரும். இரண்டாவது மரக்கட்டையில் காது மாதிரி ஒட்டி வளரும் காது காளான், அதாவது ஆரிகுலாரியா. கடைகளில் சீனச் சமையல் சாமான் இருக்கும் தட்டில் காய்ந்த பக்கெற்றாகக் கிடைக்கும். மூன்றாவது செம்மஞ்சள் நிறக் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ். இதை வளர்ப்பவர்கள் காயவைத்து விற்பார்கள். நான் இணையத்தில் வரவழைத்தேன்.

எந்தத் திரவம் சரி, எது கூடாது

நமக்குத் தேவையான கரைப்பான் எல்லாம் சமையலறையில் இருப்பவைதான்: தண்ணீர், குடிக்கத் தகுந்த நிறமில்லாத மதுசாரம், அப்பச்சோடாவிலிருந்து செய்யும் காரநீர், சமையல் எண்ணெய். இதோடு சிட்ரிக் அமிலம் அல்லது வினாகிரி. அது கரைப்பதற்கு அல்ல, கரைந்ததைத் திரும்ப வெளியே கொண்டுவருவதற்கு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரில் துரு இருந்தால் நிறம் சாம்பல் பக்கம் சாயும். காலையில் முதலில் வருவதை விட்டுவிட்டு, அப்புறம் பிடித்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். நிறம் எடுக்க அது போதும். போத்தல்களைக் கொதிநீரில் போட்டுச் சுத்தப்படுத்தும்போது மட்டும் கீழ்நாட்டில் சொல்லும் நேரத்தைவிடக் கூடுதலாக விட வேண்டும்.

மதுசாரம் என்றால் 40 சதவீத வொட்கா போதும். தென்னஞ்சாராயத்துக்கு அதற்கென்றே ஒரு நிறம் இருப்பதால் காளானின் நிறம் எது என்று தெரியாது. பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், பெயின்ட் கடையில் விற்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், தின்னர், அசிட்டோன் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. காய்ந்த பிறகு போய்விடும்தானே என்று சிலர் சொல்வார்கள். மதுசாரம் போனாலும் அதில் கலந்திருக்கும் மற்றவை முழுதாகப் போவதில்லை. கள்ளச்சாராயமான கசிப்பு வேண்டவே வேண்டாம். எத்தனை லயத்துக் குடும்பங்களை அது அழித்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதில் மெதனோல் இருக்கிறதா இல்லையா என்று நாக்காலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது.

எண்ணெயில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மேல்மலையில் ராத்திரி வைத்த போத்தல் காலையில் வெள்ளைக் கட்டியாக நிற்கும். அதனால் இந்த வேலைக்குச் சூரியகாந்தி எண்ணெய்தான் வசதி.

நான்கு கிளாஸ் சோதனை

இந்த ஒரு சோதனைக்காகவே இதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். கிலோக்கணக்கில் காளானை வீணாக்காமல் காப்பாற்றுவது இதுதான்.

நான்கு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆறிய தண்ணீர், ஒன்றில் வொட்கா, ஒன்றில் காரநீர், ஒன்றில் எண்ணெய், ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி. காய்ந்த காளானாக இருந்தால் கால் தேக்கரண்டித் தூள் போடுங்கள். பச்சைக் காளான் என்றால் விரல்நகம் அளவு துண்டு. கலக்கி, மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

காது காளானில் தண்ணீர் கிளாஸ் லேசான தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும், வொட்காவும் எண்ணெயும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், காரநீர் கிளாஸ் மட்டும் கறுத்த கோப்பி போல நிற்கும். கார்டிசெப்ஸில் தண்ணீரும் வொட்காவும் பொன் நிறமாகும். பிங்க் ஒய்ஸ்டரில் தண்ணீரில் மட்டும் லேசான ரோஜாச் சாயல் தெரியும். அந்தக் கிளாஸைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் காலைக்குள் மங்கிவிடும்.

காரநீருக்குச் சோடா செய்வது

அப்பச்சோடாவை அப்படியே கரைத்தால் காரம் போதாது. அதைச் சூடாக்கிச் சோடியம் கார்பனேட்டாக மாற்ற வேண்டும். காய்ந்த எவர்சில்வர் சட்டியில் 50 கிராம் அப்பச்சோடாவைப் போட்டு நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் மாவு கொதிப்பது போலப் பொங்கி அலையும். ஆவியும் கரியமில வாயுவும் வெளியே போகிற அலை அது. அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். மாறிவிட்டதா என்று அறிய எடை பாருங்கள். 50 கிராம் போட்டது 32 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் வேலை முடிந்தது. இன்னும் கனமாக இருந்தால் திரும்பவும் வறுங்கள். ஆறியதும் காற்றுப் புகாத போத்தலில் போட்டு, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பார்க்கச் சீனி மாதிரி, உப்பு மாதிரி இருக்கும், ஆனால் கண்ணில் பட்டால் நன்றாக எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அலுமினியப் பாத்திரத்தில் காரநீரை ஊற்றக் கூடாது, பாத்திரத்தை அது அரிக்கும். நம் வீடுகளில் பெரிய பானை என்றால் பெரும்பாலும் அலுமினியம்தான். அதனால் எடுக்கும்போதே கவனியுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, உடையாத எனாமல் மூன்றும் சரி.

காது காளான்: கறுப்பும் கபிலமும்

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காது காளானின் மெலனின் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையாது, காரத்தில் கரையும், அமிலம் பட்டால் திரும்ப மண்டியாகக் கீழே இறங்கும். வீட்டிலேயே ஒரு நிறத்தைக் கரைத்து, வடித்து, திரும்பத் தூளாகக் கையில் எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல காளான் எனக்குத் தெரியவில்லை.

காய்ந்த காது காளான் 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, தூசியும் மரத்துகளும் போக இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். ஊறல் தண்ணீர் மை மாதிரிக் கறுத்தால் அந்தப் பக்கெற்றை நான் பயன்படுத்த மாட்டேன், மேலே சாயம் ஏற்றியிருக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஊறவைப்பதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தக் காளானை வெளியே ராத்திரி முழுக்க, நாள் கணக்கில் ஊறவிடக் கூடாது. பர்க்ஹோல்டேரியா என்ற பக்டீரியா அதில் பெருகி பொங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கலாம். சீனாவில் அதிக நேரம் ஊறிய காது காளானைச் சாப்பிட்டவர்களுக்கு இது நடந்திருக்கிறது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இந்தோனேசியாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்யும் பொங்க்ரெக் என்ற உணவில் முதலில் கண்டுபிடித்ததால்தான் அதற்கு இந்தப் பெயர். ஒரு மணித்தியாலம் போதும். நான்கு கிளாஸ் சோதனையில் காது காளானின் தண்ணீர்க் கிளாஸும் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், பார்த்துவிட்டு ஊற்றிவிடுங்கள்.

கழுவியதைக் காயவைப்பதுதான் மலையகத்தில் பெரிய பாடு. மழை மாதங்களில் வெயிலை நம்ப முடியாது. மேற்குச் சரிவில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஊவாப் பக்கம் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. பனிமூட்டத்தில் பாதி காய்ந்த காளானில் பூஞ்சணம் பிடிக்கும். விறகடுப்புக்கு மேலே பரண் இருந்தால், புகை நேராகப் படாமல் ஓரமாகத் தட்டை வையுங்கள். அவன் அடுப்பு (oven) இருந்தால் 50, 55 பாகையில் கதவைச் சற்றுத் திறந்து வைத்துக் காயவையுங்கள். வளைந்தால் காயவில்லை, முறுக்கு மாதிரிப் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. அப்புறம் கிரைண்டரில் தூளாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். கரடுமுரடாக இருந்தால் நிறம் உள்ளேயே தங்கிவிடும்.

ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் வறுத்த சோடாவைக் கரைத்து, அதில் தூளைத் தூவிக் கலக்குங்கள். இருபது கிராமுக்கு ஒரு லீற்றரா என்று யோசிக்காதீர்கள். இந்தக் காளான் தண்ணீரைக் குடித்து வழுவழுவென்று கூழாகும். தண்ணீர் குறைந்தால் வடிக்கவே முடியாது. பாத்திரத்தை இன்னொரு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 60 தொடக்கம் 70 பாகை வரை இரண்டு மணித்தியாலம் வைத்திருங்கள். இடையிடையே கிளறுங்கள். முதல் கால் மணித்தியாலத்தில் தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வரும். ஒரு மணித்தியாலத்தில் கரண்டியைத் தூக்கினால் அதன் விளிம்பில் கறுத்த கபிலம் வழியும்.

இதை வடிப்பதற்குப் பொறுமை வேண்டும். நெருக்கமான பொப்ளின் துணியை நனைத்துப் பிழிந்து வடிகட்டியில் விரித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிழியாதீர்கள், பிழிந்தால் கூழும் சேர்ந்து இறங்கிவிடும். தானாகச் சொட்டட்டும்.

இப்போது அமிலம். வடித்த திரவத்தைக் கொள்ளளவில் மூன்று மடங்கு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நுரைக்கும். சிட்ரிக் அமிலத்தை ஒரு தேக்கரண்டி, அடங்கியதும் இன்னொரு தேக்கரண்டி என்று சேர்க்க வேண்டும். 20 கிராம் போனதும் நுரை நின்றுவிடும், ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது. 40 கிராம் வரை போக வேண்டும். அமில அளவைக் காட்டும் பீஎச் தாளில் 3க்குப் பக்கம் வந்தால் சரி. வினாகிரி மட்டும் போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவருவது கடினம், போத்தல் போத்தலாகப் போகும்.

அந்த நேரத்தில் கிளாஸ் பாத்திரத்தில் வெளிச்சத்துக்கு எதிராக வைத்துப் பாருங்கள். தெளிந்த கபிலத் திரவம் முதலில் கலங்கும். அப்புறம் பால் திரிவது மாதிரி, மிகச் சின்னக் கறுத்த துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கும். என் மகள் அன்றைக்குப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கால் மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வைத்தால் அடியில் மண்டி தங்கும். மேலே உள்ள தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கலந்த புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, திரும்பத் தங்கவிடுங்கள். மூன்று தடவை இப்படிக் கழுவினால் உப்பு போய்விடும். வெறும் தண்ணீரில் கழுவினால் நிறமும் கொஞ்சம் கரைந்து போகும், அதனால்தான் அந்தச் சிட்டிகை அமிலம். கடைசியில் மண்டியைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்துச் சுரண்டி எடுங்கள். 20 கிராம் காளானில் எனக்கு ஒரு தேக்கரண்டி கூட வரவில்லை. அதில் காளானின் பசையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். படம் வரையத்தான் என்றால் அந்தப் பசை நல்லது, நிறத்தைத் தாளில் பிடித்துக்கொள்ளும்.

இந்த நிறம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. எடுத்த கஷ்டத்துக்கு அது பலன்.

பிங்க் ஒய்ஸ்டர்: குளிரில் மட்டும்

என் முதல் பானையில் நிறம் போனதற்குக் காரணம் இதுதான். பிங்க் ஒய்ஸ்டரின் நிறம் ஒரு புரதத்தோடு பிணைந்திருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவது போல இந்தப் புரதமும் குலைகிறது, கூடவே நிறமும் போகிறது. மதுசாரமும் புரதத்தைக் குலைக்கும். மிச்சம் இருப்பது குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான்.

மொட்டு விரிந்து, விளிம்பு இன்னும் உள்ளே சுருண்டிருக்கும்போதே அறுத்துவிடுங்கள். முற்றினால் ரோஜா வெளிறிப் பாலாடை நிறமாகிவிடும். 100 கிராம் காளானுக்கு 150 மில்லிலீற்றர் ஆறிய தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கத்தி நுனியளவு அப்பச்சோடா. தண்ணீரும் பாத்திரமும் ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். கிரைண்டரில் அரைத்தால் சூடேறும். கல்லுரலில் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குவதே நல்லது. பதுளையில் பகலில் சூடு, அதனால் நான் விடிகாலையில் செய்வேன். நசுக்கியதைத் தண்ணீரோடு பிரிட்ஜில் இரண்டு மணித்தியாலம் வைத்து, துணியில் வடித்து, அப்புறம் கோப்பி வடிகட்டும் தாளில் இன்னொரு தடவை வடியுங்கள்.

கிடைப்பது கடும் சிவப்பு அல்ல, மென்மையான ரோஜா. இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, ஒன்றை மேசையிலும் இன்னொன்றைக் கொதிநீர்ப் பாத்திரத்திலும் வையுங்கள். சூட்டில் வைத்தது கண்முன்னே வெளுத்து வைக்கோல் நிறமாகும். பிள்ளைகளுக்குப் புரதம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இந்த ஒரு காட்சி போதும்.

இந்தச் சாற்றைக் குடிக்கவோ, தயிரிலும் ஐசிங்கிலும் கலந்து சாப்பிடவோ கூடாது. பச்சைச் சிப்பிக் காளானில் இரத்த அணுக்களை உடைக்கக்கூடிய சில புரதங்கள் இருக்கின்றன. சமைத்தால் அவை அழியும். ஆனால் சமைத்தால் நிறமும் அழியும். ஆக, பிங்க் ஒய்ஸ்டரின் நிறம் தாளுக்கும் பள்ளிக்கூடச் சோதனைக்கும்தான். பிழிந்த சக்கையை வீசாதீர்கள், அன்றைக்கே நன்றாக வதக்கிக் கறி வைத்துவிடலாம்.

கார்டிசெப்ஸ்: பொன்மஞ்சள்

இது மூன்றிலும் சுலபம். காய்ந்த தூள் 10 கிராம், 40 சதவீத வொட்கா 100 மில்லிலீற்றர், ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தலைக் கறுப்புத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்து, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கரோட்டினாய்டு நிறங்களுக்கு வெளிச்சமும் காற்றும் எதிரி. வடித்த பிறகு அதே தூளில் இன்னொரு 50 மில்லிலீற்றர் ஊற்றி இரண்டு நாள் வைத்து வடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

செறிவாக்க வேண்டுமானால், அகலமான பீங்கான் தட்டில் ஊற்றி, பிளாஸ்கிலிருந்து ஊற்றிய சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை வையுங்கள். தீயை அருகில் கொண்டுவராதீர்கள். மதுசார ஆவி பற்றிக்கொள்ளும், மூடிய லயத்து அறையில் அது ஆபத்து. ஜன்னலைத் திறந்து, காஸ் அடுப்பை நிறுத்தி, சாமி விளக்கையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆவியைக் குளிரவைத்து மதுசாரத்தைத் திரும்பப் பிடிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் அதைச் செய்வது சட்டவிரோதம், தீ ஆபத்தும் கூடவே இருக்கிறது.

மதுசாரம் வேண்டாம் என்பவர்கள் 10 கிராமுக்கு 200 மில்லிலீற்றர் சுடுதண்ணீர் ஊற்றி, இருபது நிமிஷம் மெல்லிய சூட்டில் வைத்தாலே நல்ல பொன்நிறச் சாறு கிடைக்கும். பால்சோற்றில் இரண்டு கரண்டி விட்டால் லேசான மஞ்சள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் கார்டிசெப்ஸை உணவில் சேர்க்கும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

காளானின் கரோட்டினாய்டு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உணவு உலகில் பெரிய பெயர் எடுத்த கந்தக்சாந்தின் என்ற செந்நிறம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1950இல், கந்தரெல்லஸ் என்ற உண்ணக்கூடிய காளானிலிருந்துதான். அந்தக் காளானின் பெயரே நிறத்தின் பெயராயிற்று.

சிவப்பு அரிசி மேல் ஆசை வேண்டாம்

மொனாஸ்கஸ் என்ற பூஞ்சணத்தைச் சோற்றில் வளர்த்து நல்ல சிவப்பு எடுக்கலாம், சீனாவில் நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். வீட்டில் செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பூஞ்சணத்தின் சில வகைகள் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சையும் உண்டாக்கும், அது இருக்கிறதா என்று ஆய்வுகூடம் இல்லாமல் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பு அரிசித் தயாரிப்புகளில் அதன் உச்ச அளவைக் கிலோவுக்கு 2000 மைக்ரோகிராமிலிருந்து 100ஆக 2020இல் குறைத்தது. அதோடு கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் லோவஸ்டட்டின் மருந்தும் இதில் உள்ள மொனகொலின் கேயும் ஒரே பொருள். சோற்றுக்குச் சாயம் என்று நினைத்து அளவு தெரியாமல் மருந்து சாப்பிட்ட கதையாகிவிடும்.

தாளிலும் துணியிலும்

காது காளான் தூளைக் கண்ணாடித் தட்டில் போட்டு, கரைத்த வேலம்பிசினும் ஒரு துளி தேனும் சேர்த்து, தட்டையான கரண்டியின் அடியால் பத்து நிமிஷம் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கரகரப்பு போய் வெண்ணெய் மாதிரி வரும். தண்ணீர் கூட்டினால் மெல்லிய கபிலம், குறைத்தால் கறுப்பு. மழைக்கு முந்தைய தேயிலை மலை வரைய இதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குக் கிடைத்ததில்லை.

பருத்தித் துணிக்குத் தூளைச் சோயாப் பாலில் குழைத்துத் தூரிகையால் பூசி, நிழலில் காயவிட்டு, இரண்டு மூன்று வாரம் தொடாமல் வையுங்கள். சோயாப் புரதம் நிறத்தைத் துணியோடு பிடித்துக்கொள்ளும். முதலில் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் இன்னும் பிடிக்குமே என்று நானும் செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. அப்புறம் பக்கத்தில் வெறும் தேயிலையில் நனைத்த ஒரு துண்டையும் வைத்துப் பார்த்தபோதுதான், பாதி நிறம் தேயிலையுடையது என்று தெரிந்தது. எந்தச் சோதனைக்கும் காளான் படாத ஒரு துண்டு வேண்டும். மலையகத்தில் நாம் தொடுவதெல்லாம் தேயிலைக் கறை பட்டதாக இருக்கும்போது அது இன்னும் அவசியம்.

எத்தனை நாள் வைக்கலாம்

தண்ணீரில் எடுத்தது எதுவாக இருந்தாலும் பிரிட்ஜில் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அடிக்கடி போகிற இடமென்றால் ஒரு தடவை உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம், ஊற்றிவிடுங்கள். வொட்காவில் எடுத்தது இருட்டில் மாதக்கணக்கில் இருக்கும், நிறம் மட்டும் மெல்லக் குறையும். எண்ணெயில் போடுவதாக இருந்தால் முறுக்காகக் காய்ந்த தூள் மட்டும்தான், அதையும் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஈரக் காளானை எண்ணெயில் மூழ்கவைத்தால் காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பக்டீரியா வளரலாம், மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. மெலனின் தூள் காய்ந்த போத்தலில் வருஷக்கணக்கில் இருக்கும்.

ஒவ்வொரு போத்தலிலும் காளானின் பெயர், திரவம், திகதி, சாப்பிடலாமா கூடாதா என்று நான்கு விஷயம் எழுதி ஒட்டுங்கள். விற்க நினைப்பவர்களுக்கு: உணவில் சேர்க்கும் நிறங்கள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் பேசுங்கள். வர்ணமாக விற்பதென்றால் போத்தலில் "உண்பதற்கு அல்ல" என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதுங்கள்.